வியட்நாம் வயலும் நம்ம வயலும்: வாசகர் கேள்வி – பதில்

தானியப் பயிரும் பசுமைக்குடில் வாயுவும் பற்றிக் கொங்குப் பகுதியிலிருந்து வந்த கேள்விகளில் எட்டு இங்கே. எல்லாக் கணக்குக்கும் அடிப்படை, பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழுவான ஐ.பி.சி.சி. 2019-இல் திருத்தி வெளியிட்ட பொது மதிப்புகள். ஒரு கிலோ மீத்தேனை 28 கிலோ கரியமில வாயுவுக்கும், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடை 265 கிலோவுக்கும் சமமாக வைத்திருக்கிறோம். மீத்தேனுக்கு ஏன் 28 என்பது இரண்டாவது பதிலில் இருக்கிறது.

தடப்பள்ளி வாய்க்கால் பாசன விவசாயி, கோபிசெட்டிபாளையம்

கேள்வி: ஏனுங்க, இந்தியாவுல வெளையற நெல்லுதான் பூமியை அதிகமாச் சூடாக்குதுன்னு டி.வி.யில சொன்னாங்க. வியட்நாம்தான் மோசம்னு மகன் சொல்றான். எது நெசமுங்க?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். எதால் வகுத்தார்கள் என்று கேட்டால் சண்டை தீர்ந்துவிடும்.

வயலில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மட்கும் வைக்கோலையும் வேர்க் கசிவையும் தின்று மீத்தேனை விடுகின்றன. அதில் பெரும்பங்கு குமிழியாக வருவதில்லை. நெற்பயிரின் தண்டில் உள்ள காற்றறைகள் வழியாகப் புகைபோக்கிபோல வெளியேறுகிறது. இது எந்த நாட்டு வயலுக்கும் ஒன்றுதான்.

இடைவிடாமல் தண்ணீர் நிற்கிற, எரு எதுவும் இடாத வயலில் தெற்காசியாவுக்கு எக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன், பயிர்க்காலம் 112 நாள் என்று ஐ.பி.சி.சி. வைத்திருக்கிறது. தென்கிழக்காசியாவுக்கு 1.22 கிலோ, 102 நாள். பெருக்கிப் பார்த்தால் நமக்கு ஒரு போகத்துக்கு 95 கிலோ, வியட்நாமுக்கு 124 கிலோ. எக்டேர் கணக்கில் அவர்கள் நம்மைவிட 30 சதவீதம் கூடுதல். மகன் ஜெயித்தார்.

இப்போது விளைச்சலால் வகுப்போம். வியட்நாமின் சராசரி எக்டேருக்கு ஏறத்தாழ 6 டன் நெல். இந்தியாவின் சராசரி 4.3 டன். ஒரு கிலோ நெல்லுக்கு அங்கே 20.7 கிராம் மீத்தேன், இங்கே 22 கிராம். அதே வயல், அதே வாயு, வரிசை மட்டும் தலைகீழ். மொத்தமாகப் பார்த்தால் பேச்சே இல்லை: நமக்கு நெல் பரப்பு ஏறத்தாழ 4.7 கோடி எக்டேர், அவர்களுக்கு 70 லட்சம். டி.வி.யில் சொன்னது அநேகமாக இந்த மொத்தக் கணக்காக இருக்கும். தலைக்கு வகுத்தால் மறுபடியும் திரும்பும். 140 கோடிப் பேருக்கு 4.7 கோடி எக்டேர்; 10 கோடிப் பேருக்கு 70 லட்சம் எக்டேர். ஆளுக்கு நம் பங்கு 3.2 கிலோ மீத்தேன், அவர்களுடையது 8.7 கிலோ.

இந்த ஒப்பீட்டில் அடிக்கடி நடக்கும் ஒரு தப்பு உண்டு. இந்திய வேளாண் புள்ளிவிவரம் அரிசியில் பேசும். உலக உணவு வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ. நெல்லில் பேசும். நம் 2.9 டன் அரிசியும் 4.3 டன் நெல்லும் ஒரே விளைச்சல்தான், மூன்றில் இரண்டு பங்கு அரிசி என்ற கணக்கில். இதைக் கவனிக்காமல் 95 கிலோவை 2.9 டன்னால் வகுத்தால் 33 கிராம் என்று வந்து நிற்கும். வியட்நாமின் 20.7-க்குப் பக்கத்தில் அதை வைத்தால் நாம் பெரிய குற்றவாளி. அரிசியை நெல்லோடு ஒப்பிட்ட குற்றம் மட்டும்தான் அது.

இன்னொன்று: மேலே போட்டது எருவில்லாத, தண்ணீர் வற்றாத வயலின் கணக்கு. இந்திய நெல்லில் கணிசமான பரப்பு மானாவாரி. அதற்கு மீத்தேன் பாதி அளவே. வியட்நாமின் மேகாங் கழிமுகத்திலோ ஆண்டுக்கு இரண்டு, சில இடங்களில் மூன்று போகம். ஒரு போகத்தின் வைக்கோல் காய்வதற்குள் அடுத்த போகத்துக்குச் சேற்றில் மிதித்துவிடுவார்கள். வைக்கோல் என்ன செய்யும் என்பது நான்காவது பதிலில் வருகிறது. வியட்நாம் அரசும் இதைத்தான் முதலில் பிடித்திருக்கிறது. 2023 நவம்பரில் ஒப்புதல் தந்த திட்டப்படி 2030-க்குள் மேகாங் கழிமுகத்தில் 10 லட்சம் எக்டேரைக் குறைந்த உமிழ்வு நெல்லாக மாற்றுவது, வைக்கோலை வயலிலிருந்து முழுதாக எடுத்துவிடுவது, எக்டேருக்கு விதையை 70 கிலோவுக்குக் கீழே இறக்குவது என்று இலக்கு. 70 கிலோவா என்று கேட்காதீர்கள். அங்கே கைவிதைப்பில் 120 கிலோவுக்கு மேல் தூவுவது சாதாரணம். செம்மை நெல் சாகுபடியில் ஏக்கருக்கு 3 கிலோ விதையில் நாற்று விடுகிறவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

உங்கள் வயலுக்கு வருவோம். தடப்பள்ளியில் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையாக 40 எடுத்தால் எக்டேருக்கு ஏறத்தாழ 6 டன். 95 கிலோவை அதால் வகுத்தால் கிலோவுக்கு 16 கிராம், இரண்டு நாட்டுச் சராசரிக்கும் கீழே.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கோயம்புத்தூர்

கேள்வி: இந்திய நெல் வயல்களின் உமிழ்வு ஒரு கட்டுரையில் 7.1 கோடி டன், இன்னொன்றில் 9.5 கோடி டன். ஆண்டு ஒன்றுதான். அச்சுப்பிழையா?

பதில்: இல்லை அம்மா, இரண்டும் ஒரே மீத்தேன்தான். 2016-ஆம் ஆண்டுக்கு இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த கணக்கில் வேளாண்மைத் துறையின் உமிழ்வு ஏறத்தாழ 40.8 கோடி டன், அதில் நெல் 17.5 சதவீதம். அதாவது 7.1 கோடி டன் கரியமில வாயுச் சமானம். அப்போது ஒரு டன் மீத்தேனை 21 டன் என்று பெருக்கினார்கள். பழைய விகிதம் அது. பாரிஸ் ஒப்பந்த விதிப்படி 2024 முதல் தரும் அறிக்கைகளில் பெருக்குத்தொகை 28. 34 லட்சம் டன் மீத்தேனை 21-ஆல் பெருக்கினால் 7.1 கோடி, 28-ஆல் பெருக்கினால் 9.5 கோடி. ஒரு வயலும் மாறவில்லை.

இந்த எண்கள் 100 ஆண்டுச் சூடாக்கத்தை வைத்துப் போட்டவை. அதற்குப் பதிலாக 20 ஆண்டுக் கணக்குப் போட்டால் பெருக்குத்தொகை 80-ஐத் தாண்டும். மீத்தேன் வேகமாகச் சூடாக்கிவிட்டு ஏறத்தாழ 12 ஆண்டில் சிதைந்துவிடும் என்பதால் இந்த வித்தியாசம். நெல் விளைவிக்கும் நாட்டைக் கோதுமை விளைவிக்கும் நாட்டோடு ஒப்பிடும் படங்களில் எது பயன்பட்டது என்று கீழே பொடி எழுத்தில் தேடுங்கள். குறிப்பிடவில்லை என்றால் அந்தப் படத்தை நம்ப வேண்டாம்.

கீழ்பவானி ஆயக்கட்டு விவசாயி, கவுந்தப்பாடி

கேள்வி: காய்ச்சலும் பாய்ச்சலுமாத் தண்ணி கட்டினா வாயு கொறையும்ங்கறாங்க. எவ்வளவு கொறையும்? மகசூல் அடிவாங்காம எப்படிப் பண்றதுங்க?

பதில்: முதலில் எவ்வளவு என்பது. எக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து இடும் வயலை எடுத்துக்கொள்வோம்; கோவைப் பகுதிக் குறுகிய கால நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை அது. எப்போதும் தண்ணீர் நின்றால் மீத்தேன் 95 கிலோ, சமானத்தில் 2,666 கிலோ. உரத்தில் 0.3 சதவீதத் தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும். அதுவும் சமானத்தில் 187 கிலோ. கூட்டினால் 2,853.

பல முறை காயவிட்டால் மீத்தேனை 0.55-ஆல் பெருக்க வேண்டும்: 1,466 கிலோ. ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு 0.3 சதவீதத்திலிருந்து 0.5-ஆக ஏறும்: 312 கிலோ. மொத்தம் 1,778. எக்டேருக்கு 1,075 கிலோ மிச்சம், ஏக்கருக்கு ஏறத்தாழ 435. மீத்தேனில் குறைந்த 1,200-இல் 125-ஐ நைட்ரஸ் ஆக்சைடு தின்றுவிட்டது. காய்ந்த மண்ணில் அமோனியா நைட்ரேட்டாக மாறும், மறுபடி தண்ணீர் ஏறியதும் அந்த நைட்ரேட் சிதைந்து நைட்ரஸ் ஆக்சைடாகும். அதனால்தான் தண்ணீரை மாற்றுகிறவர் யூரியா இடும் வேளையையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

செய்முறைக்கு வயல்நீர்க் குழாய் ஒன்று போதும். 30 செ.மீ. நீளம், 10 முதல் 15 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாய். கீழ்ப்பாதி 15 செ.மீ.யில் சுற்றிலும் சிறு துளைகள் போடுங்கள். துளையுள்ள பகுதி மண்ணுக்குள், மேல்பாதி வெளியே தெரியும்படி இறக்குங்கள். உள்ளே நிறைந்த மண்ணைக் கையால் அள்ளி அடி தெரியும்வரை எடுத்துவிட வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம். மண் அடைத்த குழாய் எதையும் காட்டாது. வைத்த அன்று குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் துளை அடைத்திருக்கிறது; நைலான் வலை சுற்றி மறுபடி இறக்குங்கள்.

இடம் முக்கியம். வரப்பிலிருந்து எட்டிப் பார்க்கத் தோதாக, ஆனால் மடை வாயில் வேண்டாம், பள்ளமும் வேண்டாம், மேடும் வேண்டாம். பள்ளத்தில் வைத்தால் மேடு வெடித்துக் கிடக்கும்போதும் தண்ணீர் இருப்பதாகக் காட்டும். வயல் சமமில்லையென்றால் குழாயைவிட லேசர் மட்டமடிப்புதான் முதல் செலவு.

நட்ட முதல் இரண்டு வாரம் தண்ணீர் நிற்கட்டும். களை மிகுந்த வயலென்றால் மூன்று வாரம். பிறகு 5 செ.மீ. கட்டிவிட்டு விடுங்கள். குழாய்க்குள் நீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே போனதும் மறுபடி 5 செ.மீ. கட்டுங்கள். கரிசலில் 15 வரை காத்திருந்தால் வெடிப்பு ஆழமாகி, அடுத்த தண்ணீர் வெடிப்பு வழியே பாதாளத்துக்குப் போகும்; அங்கே 10 செ.மீ.யிலேயே கட்டிவிடுவது நல்லது. பூ எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை 5 செ.மீ. தண்ணீர் குறையக் கூடாது. மகசூல் போனது என்று சொல்கிற வயல்களில் பெரும்பாலும் இந்த இரண்டு வாரத்தில்தான் காயவிட்டிருப்பார்கள்.

மேலுரம் இடும்போது காய்ந்த மண்ணில் யூரியாவைத் தூவி உடனே தண்ணீர் கட்டுங்கள். தழைச்சத்து வேர்ப்பகுதிக்கு இறங்கும். தூவிவிட்டுத் தண்ணீர் வரும் வரும் என்று நான்கு நாள் உட்கார்ந்திருந்தால் காசு காற்றில். எவ்வளவு இடுவது என்பதற்கு இலை வண்ண அட்டை (இலைப் பச்சையின் அடர்த்தியை எண்ணிட்டுக் காட்டும் அட்டை). நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை பத்து இலைகளை அட்டையோடு வைத்துப் பாருங்கள். ஆறு இலையோ அதற்கு மேலோ 4-ஆம் எண்ணைவிட வெளிறியிருந்தால் மட்டும் ஒரு தவணை (வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் எண்). வெயிலில் பார்க்காமல் உங்கள் நிழல் இலைமேல் விழும்படி நின்று பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 20.7 கிலோ தழைச்சத்து. ஒரு மூட்டை மிச்சமானால் அதன் நைட்ரஸ் ஆக்சைடும், மூட்டைக்கு ஏறத்தாழ 33 கிலோ கரியமில வாயுவும் மிச்சம். யூரியா மண்ணில் கரையும்போதே அந்தக் கரியமில வாயு வெளியேறுகிறது.

கீழ்பவானியில் சிக்கல் வேறு. வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து வரும்போது, இன்று விட்டால் அடுத்தது எப்போதோ என்று வரப்பு நிறையக் கட்டுவது மனித இயல்பு. அதிலும் மேல்மடை வயல் வழியாகக் கீழ்மடைக்குத் தண்ணீர் போகும் இடத்தில் ஒருவர் மட்டும் காயவிட முடியாது. சொந்தக் கிணறு துணைக்கு இருப்பவர், அல்லது ஒரே மதகில் பாயும் பத்துப் பேரும் சேர்ந்து நாள் குறிக்கிற இடம்: இந்த இரண்டில்தான் இது ஒழுங்காக நடக்கும். கடைமடைக்காரர் பலர் பெயர் தெரியாமலே இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்; தண்ணீர் வராததால்.

இயற்கை வேளாண் விவசாயி, கொடுமுடி

கேள்வி: தக்கைப்பூண்டு மடக்கி உழுகிறேன், தொழுவுரம் போடுகிறேன், ரசாயன உரமே கிடையாது. அப்படியென்றால் என் வயலில் உமிழ்வு இல்லைதானே?

பதில்: இருக்கிறது, கூடுதலாகவே. சொல்லச் சங்கடமான பதில்தான். தண்ணீர் நிற்கும் வயலுக்குள் போகும் எந்தத் தழையும் மீத்தேன் நுண்ணுயிருக்குத் தீனி.

கணக்கு இப்படி: எக்டேருக்கு இட்ட அளவை (டன்னில்) அந்தப் பொருளுக்குரிய எண்ணால் பெருக்கி, 1-ஐக் கூட்டி, 0.59 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். நடவுக்கு 30 நாளுக்குள் மடக்கிய வைக்கோலுக்கு எண் 1; 30 நாளுக்கு முன்பே மடக்கினால் 0.19. தழையுரத்துக்கு 0.45, தொழுவுரத்துக்கு 0.21, மட்கிய உரத்துக்கு 0.17. வைக்கோலுக்கு உலர் எடை, மற்றவற்றுக்கு ஈர எடை.

5 டன் வைக்கோலை நடவுக்கு முன் சேற்றில் மிதித்தால் மீத்தேன் 2.9 மடங்கு. அதே வைக்கோலை ஒரு மாதத்துக்கு முன்பே ஈரமில்லாத மண்ணில் மடக்கியிருந்தால் ஒன்றரை மடங்குதான். எக்டேருக்கு 6.25 டன் தக்கைப்பூண்டு 2.2 மடங்கு, 12.5 டன் தொழுவுரம் 2.1 மடங்கு. மேகாங்கில் வைக்கோலை ஏன் குறிவைத்தார்கள் என்பது இப்போது புரியும். நம் பக்கம் வைக்கோல் வயலில் நிற்பதே இல்லை. அறுவடை இயந்திரம் போன மறுநாள் கட்டு கட்டும் இயந்திரம் வந்துவிடுகிறது, மாட்டுக்குப் போகிறது. மாட்டு வயிற்றில் அது தரும் மீத்தேன் கால்நடைக் கணக்கில் ஏறும். நெல் கணக்கில் தெரியாது. வைக்கோலைக் கொளுத்தும் பஞ்சாபில் அது இன்னொரு தலைப்பு. நாட்டுக்கு நாடு நெல்லை மட்டும் ஒப்பிடுவோர் இந்தத் தலைப்பு மாற்றத்தை விட்டுவிடுவதுண்டு.

இதற்காகத் தக்கைப்பூண்டை விட வேண்டியதில்லை. மண்ணுக்கு அது தருவது இந்தக் கணக்கில் வராது. தழையுரத்தோடு காய்ச்சலும் பாய்ச்சலும் சேர்த்தால் 2.2 × 0.55, அதாவது 1.2 மடங்கு, எருவில்லாத, தண்ணீர் நிற்கும் வயலுக்கு ஏறத்தாழப் பக்கத்தில் வந்துவிடும். தொழுவுரத்தைப் பச்சையாகக் கொட்டாமல் மட்கவைத்து, கோடை உழவிலேயே போட்டுவிடுங்கள். நாற்றங்கால் விடும்போது வண்டி வண்டியாக அடிக்க வேண்டாம்.

மக்காச்சோள விவசாயி, பல்லடம்

கேள்வி: எங்க தோட்டத்துல தண்ணி நிக்கறதே இல்லீங்க, சொட்டு நீர் போடலாம்னு இருக்கேன். அமெரிக்கச் சோளத்தைவிட எங்களுது சுத்தம்தானே?

பதில்: மீத்தேன் கிடையாது, சரி. உமிழ்வு வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று உரம். வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு எக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து என்ற பரிந்துரைப்படி போனால், அதில் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகும் என்ற பொதுக் கணக்கில் 1,041 கிலோ சமானம். மழை குறைந்த பகுதிக்கு 0.5 சதவீதம் என்ற எண்ணும் உண்டு. அதைப் போட்டால் பாதி.

இரண்டாவது போர்வெல். ஒரு கன மீட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்த, மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவீதத் திறனில் ஓடினால், 0.0068 யூனிட் வேண்டும். 100 மீட்டர் ஆழத்திலிருந்து 5,000 கன மீட்டர் எடுத்தால் 3,400 யூனிட். யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்ற நம் நாட்டு மின்சாரத்தில் இது 2,380 கிலோ. உரத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல்! ஏக்கருக்கு 3 டன், எக்டேருக்கு 7.5 டன் எடுத்தால் கிலோ சோளத்துக்கு உரத்தில் 0.14 கிலோ, மின்சாரத்தில் 0.32 கிலோ.

அமெரிக்காவின் மக்காச்சோளம் பெரும்பாலும் மழையில் விளைகிறது. சராசரி எக்டேருக்கு 11 டன். இந்தியச் சராசரி ஏறத்தாழ 3.5 டன். அங்கே நீர் இறைக்கும் மின்சாரம் பெரும்பாலான வயல்களில் இல்லவே இல்லை. ஆனால் இரண்டு நாட்டின் 'வேளாண் உமிழ்வு' அட்டவணையைப் பக்கத்தில் வைத்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. மோட்டார் மின்சாரம் எரிசக்தித் துறைக் கணக்கிலும், யூரியா ஆலையில் எரியும் வாயு தொழில் துறைக் கணக்கிலும் போய்விடுகிறது. நம் பகுதியில் மோட்டாருக்குக் கட்டணமும் இல்லை, பெரும்பாலும் மீட்டரும் இல்லை; அதனால் விவசாயிக்கே அது தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வழி: குதிரைத்திறனை 0.746-ஆல் பெருக்கி 0.8-ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு ஆகும் யூனிட். 10 குதிரைத்திறன் மோட்டாருக்கு 9.3 யூனிட், மணிக்கு 6.5 கிலோ.

சொட்டு நீரில் 5,000 கன மீட்டர் 3,000 ஆனால், குழாய் அழுத்தத்துக்கு 10 மீட்டர் கூட்டி 110 மீட்டர் என்று போட்டாலும், 2,244 யூனிட், 1,571 கிலோ. உரத்தையும் சொட்டு வழியே பல தவணையாகக் கொடுத்தால் மொத்தத்தில் குறைக்கலாம். குழாய் போட்டுவிட்டு, பழைய பழக்கத்தில் அதே நேரம் மோட்டாரை ஓடவிட்டால் எதுவும் குறையாது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் தண்ணீர் வரும் சுற்றில் விதைக்க முடிந்தால் அந்த மின்சாரமே பெரும்பகுதி தேவைப்படாது.

அமராவதி பாசன விவசாயி, தாராபுரம்

கேள்வி: நெல் வயலுக்குக் கார்பன் கிரெடிட் வாங்கித் தருவதாக ஒரு நிறுவனம் வந்தது. ஏக்கருக்கு எவ்வளவு எதிர்பார்க்கலாம்? கையெழுத்துப் போடலாமா?

பதில்: ஒரு கிரெடிட் என்பது குறைத்த உமிழ்வில் ஒரு டன் கரியமில வாயுச் சமானம். மேலே பார்த்தபடி ஐ.பி.சி.சி. பொது எண்ணில் ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 435 கிலோ, அரை கிரெடிட்டுக்கும் குறைவு. அதில் சரிபார்ப்புச் செலவும் நிறுவனத்தின் பங்கும் போக மீதி உங்களுக்கு.

வேறு எண் சொன்னால் எந்த அட்டவணை என்று கேளுங்கள். இந்தியாவில் அளந்து தேசியக் கணக்கில் பயன்படுத்தும் எண்கள் வேறு: எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலுக்கு எக்டேருக்கு 162 கிலோ மீத்தேன், ஒரு முறை காயவிட்டால் 66, பல முறை காயவிட்டால் 18. ஐ.பி.சி.சி. கணக்கில் 95, 68, 52. இந்திய எண்ணில் சேமிப்பு மூன்று மடங்குக்கு மேல் தெரியும். விற்கிறவர் பெரிய எண்ணைக் காட்டுவார், வாங்குகிறவர் சின்ன எண்ணைக் கேட்பார்.

அடுத்து, நீங்கள் இதற்கு முன் எப்போதும் தண்ணீர் நிறுத்தியிருந்தீர்கள் என்பதை நிரூபிக்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தண்ணீர்ப் பஞ்சத்தால் காயவிட்டே பயிர் செய்தவருக்கு 'கூடுதல் சேமிப்பு' என்று எதுவும் கிடையாது, கிரெடிட்டும் இல்லை. நியாயமா என்றால் இல்லை, விதி அதுதான். 2024 ஆகஸ்டில் வெரா என்ற பதிவு அமைப்பு சீனாவின் 37 நெல் மீத்தேன் திட்டங்களை ஒரே அடியாக நிராகரித்தது. ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு, பாதியில் விலகினால் என்ன, தண்ணீர் அளவைப் பதிவு செய்வது யார், பணம் கிரெடிட் விற்ற பிறகா முன்பா: இந்த நான்குக்கும் தமிழில் எழுத்துப்பூர்வப் பதில் இல்லாமல் கையெழுத்து வேண்டாம்.

இல்லத்தரசி, ஈரோடு

கேள்வி: அரிசிக்குப் பதில் கோதுமைக்கு மாறினால் உமிழ்வு குறையுமா?

பதில்: கோதுமை வயலில் தண்ணீர் நிற்காது, ஆகவே மீத்தேன் இல்லை, கிலோவுக்குக் கிலோ குறைவுதான். ஆனால் இங்கே விளையாத தானியத்தைத் தேடுவானேன்? எக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து இட்டு மானாவாரியில் ஒன்றரை டன் கம்பு எடுத்தால் உரத்தின் உமிழ்வு கிலோவுக்கு 0.11 கிலோ. தண்ணீர் நிற்கும் வயலின் நெல்லுக்கு 6 டன் விளைச்சலிலேயே 0.48. வாரம் இரண்டு நாள் கம்பஞ்சோறு போதும்.

வேளாண் மாணவி, கோயம்புத்தூர்

கேள்வி: நெல் வயலில் மீத்தேனை நேரடியாக அளக்கும் திட்டப்பணி செய்கிறேன். மூடிய பெட்டி முறையில் எங்கெல்லாம் தப்பு வரும்?

பதில்: பயிரின் மேல் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் வாயுவை ஊசியில் எடுத்து அளப்பதுதான் இந்த முறை. தப்பு பெட்டிக்குள் குறைவு, அதைச் சுற்றித்தான் அதிகம். நடந்து போகும்போது சேற்றை மிதித்தால் அடைபட்ட குமிழிகள் வெளியேறி முதல் ஊசியிலேயே எண் எகிறும். நடவன்றே பலகை நடைபாதை போட்டுவிடுங்கள். பெட்டி உட்காரும் அடிச்சட்டத்தை அளக்கும் நாளில் இறக்காதீர்கள். ஒரு நாளாவது முன்பே இறக்கி அங்கேயே விடுங்கள். சட்டத்தின் பள்ளத்தில் தண்ணீர் ஊற்றினால்தான் காற்று கசியாது. வயலைக் காயவிடும் நாட்களில் அந்தத் தண்ணீர் வற்றியிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பெட்டி ஒளிபுகும் அக்ரிலிக், உள்ளே பேட்டரி விசிறி, வெப்பமானி. பயிர் உயர்ந்ததும் மேலடுக்கு ஒன்று சேர்க்க வேண்டிவரும். காலை 9 முதல் 11 மணிக்குள், 0, 10, 20, 30 நிமிடங்களில் ஊசியில் காற்றெடுங்கள். அந்த நேர உமிழ்வு நாளின் சராசரிக்கு அருகில் இருக்கும்; உச்சி வெயிலில் எடுத்தால் கூடுதலாகக் காட்டும். நான்கு புள்ளியும் நேர்கோட்டில் வராத அளவீட்டைத் தள்ளிவிடுங்கள். வாரம் ஒருமுறை போதும். ஆனால் யூரியா இட்ட பிறகும், காய்ந்த வயலில் தண்ணீர் ஏறும்போதும் ஒரு வாரம் தினமும் எடுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு அந்த நாட்களில்தான் கொட்டும். வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபில் மீத்தேனுக்குச் சுடர் அயனி உணரி, நைட்ரஸ் ஆக்சைடுக்கு எலெக்ட்ரான் பிடிப்பு உணரி.

கணக்கு: பெட்டி உயரம் 1 மீட்டர், வெப்பம் 30 டிகிரி, மீத்தேன் 30 நிமிடத்தில் 2 பி.பி.எம்.-இலிருந்து (பத்து லட்சம் பங்கு காற்றில் 2 பங்கு) 8-க்கு ஏறியது என்று வையுங்கள். மணிக்கு 12 பி.பி.எம். ஒரு மீட்டர் உயரத்துக்கு அது சதுர மீட்டருக்கு மணிக்கு 12 மில்லி லிட்டர். அதை 16/22.4-ஆலும் 273/303-ஆலும் பெருக்கினால் 7.7 மில்லி கிராம். 24 மணிக்கு 185 மில்லி கிராம், எக்டேருக்கு நாளொன்றுக்கு 1.85 கிலோ. ஐ.பி.சி.சி.யின் 0.85-ஐப்போல இரண்டு மடங்கு வந்துவிட்டதே என்று பதற வேண்டாம். தூர் கட்டும் பருவத்தில் அப்படி வரும். அந்த ஒரு நாள் எண்ணை 112-ஆல் மட்டும் பெருக்கிவிடாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு அளவீட்டின் சராசரியை இடைப்பட்ட நாட்களால் பெருக்கி, போகம் முழுவதும் கூட்டி வாருங்கள்.